கோழிக்குத் தெரியாது, குழந்தைக்குத் தெரியும்

மூன்றிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று கோத்தகிரியில் என்னிடம் கேட்பவர்கள், பெரும்பாலும் ஏற்கெனவே ஒன்று வாங்கியிருப்பார்கள். வழவழப்பான தாள். பக்கத்துக்கு ஆறு படம், ஒவ்வொன்றின் கீழும் அதன் பெயர். இல்லையென்றால் நரியும் திராட்சையும், கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு நீதி. பிள்ளை ரெண்டு நாள் புரட்டிவிட்டு ஓரமாகப் போட்டிருக்கும். "இவனுக்குப் புத்தகத்துல இஷ்டமே இல்லைங்க" என்று வீட்டில் முடிவும் கட்டியிருப்பார்கள். பிள்ளைமேல் குற்றமே இல்லை. அந்தப் புத்தகத்தில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை, அவ்வளவுதான்.

எழுத்து சொல்லாத ஒன்றைப் படம் சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடிக்கிற வேலை பிள்ளையுடையது. நல்ல படப்புத்தகம் என்று நான் சொல்வது இதைத்தான். 'ராமு மரத்தில் ஏறினான்' என்று எழுதி, பக்கத்திலேயே ராமு மரத்தில் ஏறுகிற படத்தையும் போட்டால் ஒரே சேதியை ரெண்டு தடவை சொன்னதாகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற நமக்கு அது உறுத்துவதில்லை. படத்தை மட்டுமே படிக்கத் தெரிந்த நாலு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் தேட எதுவும் மிச்சமில்லை.

இதற்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது ஓர் ஆங்கிலப் புத்தகம். பாட் ஹட்சின்ஸ் எழுதி, அவரே வரைந்து, 1968-இல் வந்த 'ரோசீஸ் வாக்'. புத்தகம் முழுக்க மொத்தம் 32 சொற்கள், ஒரே வாக்கியம். ரோசி என்கிற கோழி பண்ணையைச் சுற்றி ஒரு நடை போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறது. எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். படத்தில் அந்தக் கோழிக்குப் பின்னாலேயே ஒரு நரி வருகிறது. பாய்கிறது, கீழே கிடக்கும் சருகு வாரும் வாரியை மிதித்து, அதன் கைப்பிடி எழும்பி மூஞ்சியில் அடிக்கிறது. மறுபடி பாய்கிறது, குளத்தில் விழுகிறது. மாவு ஆலையைத் தாண்டும்போது மாவு மொத்தமும் தலையில் கொட்டுகிறது. கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடியே போகிறது. ரோசி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. நரி என்ற சொல் புத்தகத்தில் எங்குமே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து லைன் வீடுகளிலிருந்து சின்னப் பிள்ளைகள் எங்கள் வீட்டு முன்னறைக்கு வருவார்கள். இந்தப் புத்தகத்தைத் தமிழில்தான் சொல்வேன். "ரோசி குளத்தைச் சுத்திப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

"அத்தை, நரி! நரியைச் சொல்லுங்க!"

"நரியா? நரின்னு இதுல எழுதவே இல்லையே, பாப்பா."

அதற்கப்புறம் என்னைப் பேச விடமாட்டார்கள். ஒருத்தி எழுந்து வந்து நரியின் வாலில் விரலை வைப்பாள். இன்னொருவன் கோழியைப் பார்த்து "பின்னாடி பாரு, பின்னாடி பாரு" என்று கத்துவான். அடுத்த பக்கத்தில் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை என்று அம்மா சொல்லி அனுப்பிய ஒரு சிறுவன், அந்த நரிக்காக முழு வாக்கியங்களாகப் பேசினான். கோழிக்குத் தெரியாத, படித்துக் காட்டுகிற பெரியவருக்கும் தெரியாத ஒரு விஷயம் தனக்குத் தெரிந்திருக்கிறது என்ற பெருமை மூன்று வயதுக்குச் சின்ன விஷயமே இல்லை. நாள் முழுக்க எல்லாமே பெரியவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது.

பிள்ளைகள் படத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது நம் ஊகம் மட்டும் இல்லை. கனடாவில் மேரி ஆன் எவன்ஸ், ழான் செயின்ட்-ஆபின் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கதை கேட்கும்போது பிள்ளையின் கண் எங்கே போகிறது என்பதைக் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவி வைத்துப் பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். எழுத்தின் பக்கம் பார்வை போனதே அபூர்வம். எழுத்து பெரிதாக இருந்தாலும், படத்தோடு கலந்து இருந்தாலும் அப்படித்தான். அதனால் வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே படித்துக் காட்டினால் எழுத்து தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். விரலை ஓட்டுவதில் கெடுதல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளை இருப்பது படத்துக்குள்ளே. நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தப் படத்தைத்தான். எனவே அட்டையில் ஓவியர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதியவர் பெயர் இருந்து வரைந்தவர் பெயர் இல்லாத சிறுவர் புத்தகத்தை நான் கையில் எடுப்பதே இல்லை. அங்கே படம் வெறும் நிரப்பு வேலையாகத்தான் நடந்திருக்கும். எல்லா விலங்குக்கும் ஒரே கண், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சிரிப்பு என்று கணினியிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள்.

எரிக் கார்லின் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' எல்லோரும் சொல்கிற புத்தகம் என்பதால் அதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எங்கள் மலைக்கு அது வேறு மாதிரி பொருந்துகிறது. 1969-இல் வந்தது. பசியோடு முட்டையிலிருந்து வெளியே வரும் ஒரு புழு திங்கட்கிழமை ஓர் ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய், புதன் மூன்று பிளம்ஸ், வியாழன் நாலு ஸ்ட்ராபெரி, வெள்ளி ஐந்து ஆரஞ்சு என்று தின்றுகொண்டே போகிறது. தின்ற ஒவ்வொரு பழத்திலும் நிஜமாகவே ஓட்டை. தாள்களும் ஒரே அளவில் இருக்காது. ஆப்பிளுக்குக் குறுகிய தாள், பழங்கள் கூடக்கூட அகலம் கூடுகிறது. இப்படி ஓட்டை போட்டு, வெவ்வேறு அளவில் வெட்டி அச்சிட அன்றைக்கு அமெரிக்காவில் கட்டுப்படியாகாமல் முதல் பதிப்பை ஜப்பானில் அச்சடித்தார்கள். விரலை ஓட்டைக்குள் விட்டு அடுத்த பக்கத்தில் எட்டிப் பார்ப்பதற்காகவே மூன்று வயதுப் பிள்ளைகள் இதைக் கேட்பார்கள்.

கீழ்நாட்டில் இருக்கும் ஒரு குழந்தைக்குப் பேரிக்காயும் பிளம்ஸும் ஸ்ட்ராபெரியும் கடையில் பார்க்கிற பொருள். கோத்தகிரி, குன்னூர்ப் பிள்ளைகளுக்கு பிளம்ஸ் என்றால் மே மாதம், பேரிக்காய் என்றால் அடுத்த வீட்டு வேலியோரம். புழு துளைத்த பேரிக்காயைக் கடித்துத் துப்பிய அனுபவமும் உண்டு. பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் ஆரஞ்சும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று இந்த இரண்டு மலைகளின் பிள்ளைகளுக்கு இவ்வளவு சொந்தமாக இருப்பது எனக்கு இன்றும் சந்தோஷமான ஆச்சரியம். பழம் காய்க்கும் மாதத்தில் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். கொல்லையில் கிடக்கும் ஓட்டை விழுந்த பழத்தை எடுத்துக்கொண்டு புத்தகத்தோடு ஒப்பிட ஓடி வருவார்கள்.

தமிழில் என்று கேட்டால், சென்னையின் துளிகா பதிப்பகத்திலிருந்து தொடங்குவேன். 1996-இலிருந்து படப்புத்தகங்களைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கொண்டுவருகிறார்கள். அதில் அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த 'கஜபதி குலபதி' சத்தமாகப் படிப்பதற்கென்றே செய்த புத்தகம். பெரிய யானைக்குச் சளி பிடித்துவிடுகிறது; தும்மல் வருகிறது. யானைத் தும்மல் என்றால் சும்மாவா. பெயரே வாயில் உருள்கிறது. இரண்டாம் தடவை படிக்கும்போதே பிள்ளைகள் தும்மலுக்காகக் காத்திருப்பார்கள். தும்முவதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இந்தப் புத்தகத்தைக் கூடலூரில் படித்துக் காட்டியபோது வேறொன்றைக் கவனித்தேன். கோத்தகிரிப் பிள்ளைகள் யானை என்றதும் சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் யானை ராத்திரியில் வாழைக்கு வரும், சுவரை இடிக்கும், ஆளையும் கொல்லும். அங்கே ஒரு சிறுமி, "இது நல்ல யானையா அத்தை?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பக்கத்தைத் திருப்ப விட்டாள். பயத்தைத் தள்ளிவிட்டு அவசரமாகக் கதைக்குள் போகக் கூடாது. அவள் வீட்டுக்குப் பக்கத்தில் வந்த யானையைப் பற்றி முதலில் பேசினோம். அவள் அம்மாவும் சேர்ந்துகொண்டார். அப்புறம்தான் கஜபதி. தும்மல் வந்தபோது எல்லோரையும்விட அவள்தான் சத்தமாகத் தும்மினாள்.

புத்தகம் வாங்க வசதியில்லாத வீடு நிறைய. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்களை இலவசமாகப் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அச்செடுக்கலாம். முதல் நிலை என்று போட்டிருப்பவை இந்த வயதுக்குச் சரி. சொற்களே இல்லாத புத்தகங்களும் உண்டு. கலர் ஜெராக்ஸ் எடுத்து நடுவில் மடித்தால் போதும். போன் திரையில் காட்டுவதைவிட அது மேல். பக்கத்தைத் திருப்புவது பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அங்கே இருக்கும் கதைகளை நாமே இன்னொரு மொழியில் மாற்றி வெளியிடவும் உரிமம் இடம் தருகிறது. வீட்டில் படகமோ இருளமோ பேசுகிறவர்கள் தமிழ் எழுத்திலேயே தங்கள் மொழியில் எழுதிப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். மூன்று வயதில் கதை வர வேண்டியது வீட்டு மொழியில்தான். பள்ளி மொழிகளுக்கு நாள் இருக்கிறது.

சொற்கள் இல்லாத புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். இங்கே தேயிலைத் தோட்டத்து வீடுகளில் அம்மா காலையிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடுவார். பிள்ளையோடு இருப்பது அப்பாயி, அம்மாயி. எங்கள் பக்கத்தில், இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. அப்படி வந்த ஒரு பாட்டியிடம் பேரனுக்காகப் புத்தகம் கொடுத்தேன்.

"எனக்குத்தான் எழுத்து தெரியாதே, புள்ள."

"இதுல எழுத்தே இல்லை பாட்டி. படத்தைப் பார்த்து உங்க வாய்க்கு வர்றதைச் சொல்லுங்க."

அவர் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தொலைந்துபோன ஆட்டைத் தேடும் கதை. முதல் பக்கத்திலேயே ஆட்டுக்குப் பெயர் வைத்தார், ஆட்டுக்காரிக்கு ஒரு மாமியாரைக் கொடுத்தார். மாமியார் படத்தில் இல்லை, ஆனால் கதைக்கு அவசியம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மழை வந்தது. கண்டியில் அவர் சிறுமியாக இருந்தபோது ஆற்றில் போன ஒரு ஆடும் நடுவில் வந்தது. பேரன் ஒரு கட்டத்தில், "இல்ல அப்பாயி, ஆடு பாறைக்குப் பின்னாடி இருக்கு, பாரு" என்று திருத்தினான். இருவருக்கும் சண்டை. நான் அங்கே தேவைப்படவே இல்லை. எழுத்து தெரியாது என்பதால் பிள்ளை வளர்ப்பில் இந்தப் பகுதியிலிருந்து ஒதுங்கி நிற்கும் பாட்டிமார்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் இருக்கும் கதை நம்மிடம் இல்லை. அங்கன்வாடிக்குப் புத்தகம் வாங்கித் தர நினைப்பவர்கள் இதையும் மனதில் வைத்து, வீட்டுக்கு எடுத்துப் போகிற மாதிரிச் சில சொல்லில்லாப் புத்தகங்களைச் சேர்த்து வாங்கித் தாருங்கள்.

எப்படிப் படித்துக் காட்டுவது என்பதில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. 'இது என்ன? இது என்ன கலர்?' என்று வரிசையாகக் கேட்காதீர்கள். பதில் நமக்கும் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும், அது பரீட்சை. 'இங்கே என்ன நடக்குது? இவன் ஏன் இப்படி நிக்கிறான்?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பிள்ளை சொல்வதோடு ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே மாதம்தான். அந்தப் பிள்ளைகள் பேச்சில், வழக்கம்போல் வாசிப்புக் கேட்ட பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னே போயிருந்தார்கள். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் புதிதாக எதையோ பார்க்கிறார்கள்.

சரி, எனக்குள் பெரிய ஏக்கமாக இருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளின் ஊர் எந்தப் படப்புத்தகத்திலும் சரியாக இல்லை. மலை என்றால் இரண்டு முக்கோணம், நடுவில் சூரியன், அடியில் தென்னை மரம். அது சமவெளியில் நின்று மலையைப் பார்க்கிறவரின் படம். மலைச்சரிவில் வாழும் பிள்ளைக்கு அப்படி ஒரு மலை தெரிவதே இல்லை. தலைக்கு மேலே ரோடு, காலுக்குக் கீழே அடுத்த வீட்டுத் தகரக் கூரை, அந்தக் கூரைமேல் காயும் துணி, அதற்கும் கீழே தேயிலை. பஸ் முதலில் சத்தமாக வரும், அப்புறம் வளைவில் தலைகாட்டும். கொழுந்து பறிக்கும் பெண் என்றால் மூங்கில் கூடையும் சிரித்த முகமும்தான் இன்னும் வரைகிறார்கள். இன்றைக்கு எங்கள் அக்காமார்கள் முதுகில் பை, கையில் கத்தரி, இடுப்பைச் சுற்றி மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் விரிப்போடு நிற்கிறார்கள். அம்மாவை அப்படியே பார்க்கிற பிள்ளைக்கு அந்தக் கூடைக்காரி யாரோ.

ஒரு விலங்குப் புத்தகத்தில் காட்டெருமை என்று எழுதி, ஒரு சாதாரண எருமையை வரைந்திருந்தார்கள். நாலு வயதுப் பையன் உடனே மறுத்தான். "இது காட்டெருமை இல்ல. அதுக்கு வெள்ளைக் கால் இருக்கும்." அவன் சொன்னதுதான் சரி. முழங்காலுக்குக் கீழே நாலு கால்களும் வெளுத்திருப்பதுதான் அதன் அடையாளம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைப் பள்ளிக்குப் போகும் வழியில் தேயிலைக்கு நடுவே பார்க்கிறவர்கள். இவ்வளவு கூர்மையாகப் பார்க்கும் கண்ணுக்கு, பார்த்து வரைந்த படத்தைக் கொடுப்பதுதான் மரியாதை. பார்த்து வரைவதற்கு இங்கேயே ஆட்கள் உண்டு. இந்த மலையின் பழங்குடிகளான குறும்பர்கள் வேங்கை மரத்துப் பிசினும் இலைச்சாறும் கரியும் கொண்டு வரைகிற ஓவியத்தில் தேன் எடுப்பதும் காடும் சடங்கும் கோடுகளாக வரும். அந்தக் கோடுகள் ஒரு சிறுவர் புத்தகத்துக்கு எவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் பரபரக்கிறது.

நடக்க முடியாத காரியம் இல்லை. சென்னையின் தாரா புக்ஸ் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற மூன்று கோண்டு (மத்திய இந்தியப் பழங்குடி) ஓவியர்களை வைத்து 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' கொண்டுவந்தது. கறுப்புத் தாளில் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்ட் செய்தது. ராத்திரியில் மரங்கள் தங்கள் உயிரைக் காட்டுகின்றன என்ற கோண்டு நம்பிக்கைதான் அதன் பொருள். 2008-இல் இத்தாலியின் போலோனியா சிறுவர் புத்தகக் கண்காட்சியில் விருது பெற்றது. விலை கூடுதல்தான், பிள்ளையின் கையில் தனியாகக் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் ஒரு நூலகமோ அங்கன்வாடியோ ஒரு பிரதி வைத்திருந்து, பெரியவர் மடியில் வைத்து, கரண்ட் இல்லாத சாயங்காலத்தில் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வெளியே உண்மையான இருட்டு இருக்கும் ஊரில் அந்தப் படங்கள் வேறு மாதிரி பேசுகின்றன.

கடைசியாக, மழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் பெய்ய ஆரம்பித்தால் புத்தகம் கெடுவது உறுதி. அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். பிள்ளைகள் வாயில் வைக்கிற பொருள் என்பதால் அந்துருண்டை பக்கத்திலேயே வேண்டாம். வெயில் அடிக்கிற நாளில் வெளியே எடுத்து, காய்ந்த துணியால் துடைத்து, விரித்து வைத்தால் போதும். கெட்டி அட்டைப் புத்தகத்தில் ஈரம் ஏறினால் அடுக்கு அடுக்காகப் பிரியும். மேலே கனம் வைத்துக் காயவிட வேண்டும். மெல்லிய புத்தகங்களில் நடுவில் அடித்திருக்கும் ஸ்டேப்ளர் பின்தான் பெரிய தொல்லை. இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து, நடுப்பக்கம் பழுப்பேறிக் கிழியும். வாங்கி வந்ததும் பின்னை நெம்பி எடுத்துவிட்டு, மூன்று துளை போட்டுப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். முடிச்சு வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே இருந்தால் பிள்ளை கதையை விட்டுவிட்டு நூலைத்தான் இழுக்கும்.